பதின்மூன்று பேர் மட்டுமே உள்ள சாப்டரை என்ன செய்வது?

வாசகியின் கடிதம்

ஒஹாயோ மாநிலத்தில் ஏறக்குறைய 1,300 பேர் படிக்கும் ஒரு சிறிய தனியார் கல்லூரியிலிருந்து மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார். திருநெல்வேலியில் பிறந்து, 13 வயதில் பெற்றோருடன் நியூ ஜெர்சிக்கு வந்தவர். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவர் கல்லூரியில் மூன்று சொராரிட்டிகளின் சாப்டர்கள், அதாவது கிளைகள், இருக்கின்றன. பெண்கள் மட்டும் உறுப்பினராகும் இந்தச் சங்கங்களின் உறவு பட்டம் வாங்கிய பிறகும் தொடரும். மற்ற இரண்டு சாப்டர்களில் 34 பேரும் 41 பேரும் இருக்க, இவருடையதில் 13 பேர்தான். அவர்களிலும் ஐந்து பேர் வரும் மே மாதம் படிப்பை முடித்துப் போய்விடுவார்கள். உறுப்பினர் சேர்க்கை இவர் பொறுப்பு. போன ஜனவரியில் நடந்த ரெக்ரூட்மென்ட்டில், அதாவது உறுப்பினர் சேர்க்கையில், கோட்டா (ஒரு சாப்டர் எடுக்கக்கூடிய புதியவர்களின் அளவு) 9. கிடைத்தது இரண்டே பேர். அதிலும் ஒருவர் ஒரே மாதத்தில் விலகிவிட்டார். எண்ணிக்கை உயராவிட்டால் சாப்டரைத் தொடர்வது பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்று இப்போது தலைமையகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது.

“ஜனவரி வரை யாரையும் சேர்க்க முடியாது, அதுவரை என்ன செய்வது மேடம்?” என்று கேட்கிறார். சில யோசனைகளும் வைத்திருக்கிறார். அடுத்த ரெக்ரூட்மென்ட்டைப் பெரிய பல்கலைக்கழகங்களில் நடப்பதுபோல ஆட்டம் பாட்டம் அலங்காரத்தோடு நடத்துவது, உறுப்பினர் எண்ணிக்கையை வெளியே சொல்லாமல் சமாளிப்பது, முதலாண்டுப் பெண்கள் சிலரிடம் ‘உனக்கு இடம் உண்டு’ என்று இப்போதே ரகசியமாக வாக்குக் கொடுப்பது, இன்னொரு சாப்டரில் ஹேசிங் (புதியவர்களைத் துன்புறுத்தும் ராகிங்) நடப்பதாக உலவும் பேச்சை அவர்கள் காதில் போட்டுவைப்பது, முதல் செமஸ்டர் சந்தாவைத் தள்ளுபடி செய்வது. தன்னை ‘அக்கா’ என்று கூப்பிடும் இந்திய மாணவிகளிடம் கேட்கலாமா என்ற தயக்கமும் இருக்கிறது. சாப்டரை மூடினால் கடன் தன் தலையில் விழுமோ என்ற பயம் வேறு. “இதுக்காகவா உன்னைக் காலேஜுக்கு அனுப்பினோம்?” என்று அம்மா கேட்கிறாராம்.

ஆலோசகரின் பதில்

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரெக்ரூட்மென்ட்டின் கடைசிவரை நின்ற பெண்களின் எண்ணிக்கையைச் சாப்டர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஏறக்குறைய வருவதுதான் கோட்டா. உங்களுக்கு அது 9 என்றால், கடைசிவரை வந்தவர்கள் 27 பேர் அளவில் இருந்திருப்பார்கள். உங்கள் கல்லூரியில் பெண்கள் 700 பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று சாப்டர்களிலும் சேர்த்து 88 பேர். மிச்சம் 612 பேர். நீங்கள் மூன்று சாப்டர்களும் அந்த 27 பேருக்காக ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அறுநூறு பேர் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவே இல்லை.

பதிவு செய்துவிட்டு வரும் பெண் பெரும்பாலும் ஒரு முடிவோடுதான் வருகிறாள். விடுதித் தோழி எங்கே இருக்கிறாள், எந்த சாப்டர் பெரியது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஒரே மாலையில் மூன்று அறைகளைப் பார்க்கிறவள் தலைகளை எண்ணாமல் இருக்கமாட்டாள். வரவேற்பு குறைவாக உள்ள சாப்டர்கள் அதிகம் பேரைத் திரும்ப அழைக்கலாம், எல்லோரும் நாடும் சாப்டர்கள் குறைவாகத்தான் அழைக்கலாம் என்று ஒரு கணக்குமுறை இருக்கிறது. நீங்கள் இன்னும் நிறையப் பேரைச் சந்திக்க அது உதவும். ஆனால் அவர்கள் மனத்தை மாற்ற அதனால் முடியாது. ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது அந்த 612 பேரைத்தான்.

ஜனவரி வரை காத்திருக்க வேண்டியதில்லை

உங்கள் கடிதத்தில் இருக்கும் பெரிய தவறான எண்ணம் இதுதான். சிறிய சாப்டர்களில் பலருக்கும் இருக்கும் எண்ணம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் மூன்று சாப்டர்களும் நேஷனல் பான்ஹெலனிக் கான்ஃபரன்ஸ் அமைப்பின் விதிகளுக்குக் கட்டுப்பட்டவை. 1902-இல் தொடங்கிய சொராரிட்டிகளின் கூட்டமைப்பு அது. அதன் விதிகளில் ‘கோட்டா’ வேறு, ‘டோட்டல்’ வேறு. கோட்டா என்பது முதன்மை ரெக்ரூட்மென்ட்டில் ஒரு சாப்டர் எத்தனை புதியவர்களை எடுக்கலாம் என்ற அளவு. டோட்டல் என்பது அந்தக் கேம்பஸில் ஒரு சாப்டர் மொத்தத்தில் எத்தனை பேர் வரை இருக்கலாம் என்ற அளவு. ஒவ்வொரு பருவத்திலும் அதைப் புதிதாக நிர்ணயிப்பார்கள். உங்கள் கேம்பஸில் சாப்டர் அளவுகளின் நடுமதிப்பை எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் டோட்டல் 34. நீங்கள் 13 பேர். அதாவது 21 இடங்கள் காலி.

டோட்டலுக்குக் கீழே இருக்கும் சாப்டர், ரெக்ரூட்மென்ட் வாரத்துக்கு வெளியேயும் உறுப்பினர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். ‘கன்டினியூயஸ் ஓப்பன் பிட்டிங்’ என்பது இதுதான், சுருக்கமாக சி.ஓ.பி. என்பார்கள். இதற்கு மேடையோ மூன்று நாள் நிகழ்ச்சியோ தேவையில்லை. ஒரு பெண்ணோடு பழகுகிறீர்கள், சாப்டரில் வாக்கெடுக்கிறீர்கள், முறைப்படி அழைப்பு கொடுக்கிறீர்கள், அவர் கையெழுத்திட்டதும் கல்லூரியின் கிரேக்க அமைப்புகள் அலுவலகத்துக்கு (கிரேக்க எழுத்துகளில் பெயர்கொண்ட இத்தகைய சங்கங்களைக் கவனிக்கும் அலுவலகம்) தெரிவிக்கிறீர்கள். அவ்வளவுதான்.

உங்கள் கல்லூரியில் முதலாண்டு மாணவிகள் முதல் பருவத்தில் சேரக்கூடாது என்று விதி இருப்பதாகத் தெரிகிறது. ஜனவரி வரை எதுவும் முடியாது என்ற எண்ணம் அதிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். அந்தக் கட்டுப்பாடு முதலாண்டுப் பெண்களுக்கு. இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவிகளையும் வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தவர்களையும் நீங்கள் செப்டம்பரிலேயே சேர்த்துக்கொள்ள வழி உண்டு. மதிப்பெண் சராசரி, முடித்திருக்க வேண்டிய பாடங்கள் என்று கல்லூரி தனியாக நிபந்தனை வைத்திருக்கலாம். இன்றைக்கே அந்த அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இரண்டு கேள்விகள் போதும்: இந்தப் பருவத்தின் டோட்டல் எவ்வளவு? சி.ஓ.பி.யில் சேர யாருக்குத் தகுதி இருக்கிறது?

அப்புறம், ஜனவரியில் எங்கும் இடம் கிடைக்காமல் போனவர்களைப் பற்றி. ரெக்ரூட்மென்ட்டின் முடிவில் பெண்கள் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திடுவார்கள். கையெழுத்திட்டு, தான் எழுதிக்கொடுத்த சாப்டரிலிருந்தே அழைப்பு வந்து, அதை மறுத்தவரை வேறு சாப்டர் சேர்த்துக்கொள்ள முடியாது. அடுத்த முதன்மை ரெக்ரூட்மென்ட் தொடங்கும்வரை அந்தத் தடை இருக்கும். ஆனால் கையெழுத்திட்டும் அழைப்பே வராதவரும், கையெழுத்திடும் முன்பே விலகிவிட்டவரும் உடனே சேரலாம். ‘ஒருமுறை போய்விட்டு வந்தால் ஒரு வருஷம் முடியாது’ என்று அவர்களே தப்பாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஏமாற்றத்தில் இருக்கும் பெண்ணிடம் பரிவோடு பேசுங்கள். இரண்டாம் தேர்வாக வந்தவள் என்ற எண்ணம் உங்கள் பேச்சில் துளிகூட வந்துவிடக் கூடாது.

அலபாமாவைப் பார்த்து நடத்த வேண்டாம்

நீங்கள் அனுப்பிய வீடியோக்களைப் பார்த்தேன். அலபாமா பல்கலைக்கழகத்தில் ஒரே சீசனில் 2,000-க்கும் மேற்பட்ட பெண்கள் ரெக்ரூட்மென்ட்டுக்கு வருகிறார்கள். அங்கே ஒரு சாப்டரிலேயே சில நூறு பேர் இருப்பார்கள். வாசலில் நின்று கைதட்டிப் பாடுவது அங்கே ஒரு கூட்டத்தைச் சமாளிக்கும் முறை. அதையே 13 பேர் செய்தால், ஆயிரம் பேர் கல்யாணத்துக்குப் போடும் பந்தலை முப்பது பேர் கூடும் வீட்டு விசேஷத்துக்குப் போட்ட மாதிரி ஆகிவிடும். வந்தவர்கள் கண்ணில் காலி நாற்காலிகள்தான் படும். ஆடம்பர அலங்காரம், நாடகம் இவற்றைத் தவிர்க்கச் சொல்லி பான்ஹெலனிக் அமைப்பும் நெடுநாளாகவே வற்புறுத்தி வருகிறது. அந்தப் பணத்தையும் உழைப்பையும் மிச்சப்படுத்துங்கள்.

எண்ணிக்கையை மறைப்பதும் வேண்டாம். 1,300 பேர் கேம்பஸில் அது ரகசியமாக இருக்காது. நேரடியாகச் சொல்லுங்கள்: “நாங்கள் 13 பேர். நீ வந்தால் இரண்டாவது மாதமே ஒரு பொறுப்பு உன் கையில் இருக்கும். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.” கூட்டத்தைக் கண்டாலே ஒதுங்கும் பெண்கள் கேம்பஸில் எத்தனையோ பேர். உங்கள் சாப்டர் அவர்களுக்கு ஏற்ற இடம். பழைய வரலாறும் உங்கள் பக்கம்தான். பை பீட்டா ஃபை என்ற சொராரிட்டி 1867-இல் இலினாய் மாநிலத்து மான்மத் கல்லூரியில் 12 பெண்களோடு தொடங்கியது. அதே சிறிய கல்லூரியில் 1870-இல் ஆறு பெண்கள் கப்பா கப்பா காமாவைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு இண்டியானாவின் கிரீன்காசிலில் கப்பா ஆல்ஃபா தீட்டாவைத் தொடங்கியவர்கள் நான்கே பேர். வர்ஜீனியாவின் ஃபார்ம்வில் என்ற சிற்றூரில் இருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றிலிருந்து 1897-க்கும் 1901-க்கும் இடையில் நான்கு தேசிய சொராரிட்டிகள் புறப்பட்டு வந்தன. பாதிக்கும் குறைவான ஆட்களோடு ஒரு சாப்டர் நல்ல சாப்டராக இருக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

யாரிடம், எப்படிக் கேட்பது

அடுத்த கூட்டத்தில் 13 பேரும் ஆளுக்கொரு தாளில் தங்களுக்குத் தெரிந்த, எந்த சாப்டரிலும் இல்லாத பத்துப் பெண்களின் பெயரை எழுதட்டும். லேப் பார்ட்னர், விடுதி மாடியில் எதிர் அறை, நூலகத்தில் கூட வேலை பார்ப்பவர், ஆர்க்கெஸ்ட்ராவில் பக்கத்தில் உட்காருபவர், கால்பந்து அணியில் இருப்பவர். ஒரே பெயர் பலர் தாளிலும் வரும். அப்படியும் எழுபது எண்பது பெயராவது தேறும். இந்தப் பட்டியல்தான் உங்கள் மூலதனம். கல்லூரியிடம் எல்லா மாணவிகளின் மின்னஞ்சலையும் கேட்டு மொத்தமாக ஒரு கடிதம் தட்டிவிடுவதை நான் பெரிதாக நம்பவில்லை. அறிமுகமில்லாத கடிதத்தைத் திறப்பவர்கள் குறைவு.

பிறகு ஒவ்வொரு உறுப்பினரும் இரண்டு வாரத்துக்கு ஒருவரையாவது காபிக்கோ, சாப்பாட்டுக்கோ, சேர்ந்து படிக்கவோ அழைத்துப் போகட்டும். முதல் சந்திப்பில் சொராரிட்டி பேச்சே வேண்டாம். பழக்கம் ஏற்பட்டதும் இன்னும் இரண்டு மூன்று உறுப்பினர்களை அறிமுகப்படுத்துங்கள். அதன்பிறகு வாய் திறந்து கேளுங்கள். இங்கேதான் பலரும் தயங்கி நின்றுவிடுகிறார்கள். போஸ்டர் ஒட்டுவார்கள், இன்ஸ்டாகிராமில் படம் போடுவார்கள், “எங்களோடு சேர்ந்துகொள்கிறாயா?” என்று ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்துக் கேட்கமாட்டார்கள். சேராமலே பட்டம் வாங்கிப் போகும் பெண்களில் பலரை அப்படி யாரும் ஒருமுறைகூடக் கேட்டிருக்கமாட்டார்கள்.

“அவர்களெல்லாம் வரமாட்டார்கள்” என்று உங்கள் சாப்டரில் சிலர் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். வீட்டிலிருந்து வந்து போகும் மாணவிகள், விளையாட்டு வீராங்கனைகள், வெளிநாட்டு மாணவிகள் பற்றியது அந்தப் பேச்சு. அதை மென்மையாக, ஆனால் உறுதியாக நிறுத்துங்கள். வருவதும் வராததும் அந்தப் பெண்ணின் முடிவு. நேபாளத்திலிருந்து வந்த மாணவி மாட்டேன் என்று சொல்லிவிடுவாள் என்று நீங்களே முடிவுசெய்து கேட்காமல் விடுவது, வாசலிலேயே அவளைத் தடுப்பதற்குச் சமம். மாணவர் விசாவில் இருப்பவர்கள் சங்கத்தில் சேரத் தடை ஏதும் இல்லை. உறுப்பினராவது வேலை பார்ப்பது ஆகாது. பயிற்சி நேரம் காரணமாக வர முடியாது என்றால் கூட்டத்தை ஞாயிறு மாலைக்கு மாற்றுங்கள். 13 பேர் கூட்டத்தை மாற்றுவது எவ்வளவு சுலபம்!

‘அக்கா’ என்று கூப்பிடும் பெண்கள்

உங்கள் தயக்கம் நியாயமானது. நம் பெண்கள் ‘அக்கா’ என்று கூப்பிட்டுவிட்டால், அந்த அக்காவிடம் முடியாது என்று சொல்ல வாய் வராது. ஊர்விட்டு ஊர் வந்து, முதல் குளிர்காலத்தில் உங்களோடு கடைக்குப் போய் கோட் வாங்கியவள், உங்களுக்காகவே தலையாட்டிவிடுவாள். மூன்று மாதம் கழித்து சந்தா கட்ட முடியாமல் விலகும்போது உங்களைப் பார்க்கவே கூச்சப்படுவாள்.

அதற்காக அவர்களைக் கேட்காமலே விட வேண்டாம். வேறொரு உறுப்பினர் கேட்கட்டும். நீங்கள் ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள்: “நீ சேராவிட்டாலும் நான் உனக்கு அக்காதான். வீட்டில் பேசிவிட்டு ஒரு வாரம் கழித்துச் சொல்.” சில பெண்களுக்கு டெல்ட்டா ஃபை ஒமேகா, கப்பா ஃபை காமா போன்ற தெற்காசியச் சொராரிட்டிகளில்தான் மனம் இருக்கும். இரண்டுமே 1998-இல் டெக்சஸில் தொடங்கியவை. உங்கள் கேம்பஸில் அவை இல்லை என்பதை வைத்து அவர்களை இழுக்கப் பார்க்காதீர்கள்.

வீட்டில் பெற்றோர் பயப்படுவது குடி, பார்ட்டி என்று கேள்விப்பட்டதால்தான். கமலா ஹாரிஸின் பெயரால் நம் ஊரில் பலருக்குச் சொராரிட்டி என்ற சொல்லே அறிமுகமானது. அவர் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது 1908-இல் தொடங்கிய ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில். அது கறுப்பினப் பெண்களின் நீண்ட பொதுவாழ்வு மரபில் வந்த அமைப்பு. சேர்க்கை முறையும் வேறு. ஆகவே அதை உதாரணம் காட்டிப் பெற்றோரைச் சமாதானப்படுத்த வேண்டாம். உங்கள் சாப்டரின் போன வருடத்து நாட்காட்டியையும் சந்தா விவரத்தையும் காட்டுங்கள். உங்கள் அம்மாவுக்கும் அதையே காட்டுங்கள். அவர் கேள்வியில் கோபத்தைவிடக் கவலைதான் அதிகம் தெரிகிறது.

கைவிட வேண்டிய மூன்று யோசனைகள்

முதலில் ரகசிய வாக்குறுதி. முதலாண்டுப் பெண்களோடு வகுப்பிலும் கேன்டீனிலும் இயல்பாகப் பழகலாம். ‘உனக்கு இடம் நிச்சயம்’ என்று முன்கூட்டியே சொல்வது விதிமீறல். புகார் போனால் விசாரணை, சமரசப் பேச்சு என்று ஒரு பருவமே அதில் கரைந்துவிடும். அதைவிட, மாணவிகளுக்குள் வாக்கெடுப்பு நடந்து முடிவு மாறினால் அந்தப் பெண்ணுக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

அடுத்தது ஹேசிங் பேச்சு. இதில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். அது உண்மையாக இருக்கலாம் என்று தோன்றினால் கல்லூரியிடம் இன்றே தெரிவியுங்கள். ஒஹாயோவில் 2021-இல் கொண்டுவந்த காலின் சட்டப்படி, மது அல்லது போதைப்பொருளைக் கட்டாயப்படுத்தி உட்கொள்ளவைத்து, அதனால் கடுமையான உடல் பாதிப்பு நேர்ந்தால், அந்த ஹேசிங் கடுங்குற்றம். 2018-இல் ஒரு மாணவர் இறந்துபோன பிறகு வந்த சட்டம் அது. 2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம், ஹேசிங் விவரங்களைக் கல்லூரிகள் வெளியிட வேண்டும் என்கிறது. உண்மையா என்று தெரியாத பேச்சை ஆள் சேர்க்கப் பயன்படுத்தினால், யாரோ ஒரு பெண்ணுக்கு நேரும் ஆபத்தை நீங்கள் லாபமாக்கிக்கொள்கிறீர்கள். பொய்யாக இருந்தாலோ 41 பேரின் பெயரைக் கெடுத்திருப்பீர்கள்.

மூன்றாவது சந்தா தள்ளுபடி. தலைமையகத்துக்குப் போகும் கட்டணத்தைக் குறைக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. உங்களால் முடிவது, முதல் வருடத்தில் மொத்தம் எவ்வளவு ஆகும் என்று ஒரே தாளில் எழுதிக்கொடுப்பது. புது உறுப்பினர் கட்டணம், சட்டையில் குத்தும் பின், டி-ஷர்ட், விழாச் செலவு எல்லாமே அதில் இருக்க வேண்டும். மாதத் தவணைக்கு வழி உண்டா, உதவித்தொகை உண்டா என்பதையும் எழுதுங்கள். விலகிப்போன அந்தப் பெண் ஏன் விலகினாள் என்று கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. பணம் காரணமாக இருந்திருக்கலாம், வேலைச்சுமையாகவும் இருந்திருக்கலாம். 40 பேருக்கு வகுத்த பதவிகளையும் நிகழ்ச்சிகளையும் 13 பேர் சுமந்தால் புதிதாக வருபவள் மூச்சுத் திணறி ஓடிவிடுவாள். எந்தப் பதவிகளை ஒன்றாக இணைக்கலாம், எதை விடலாம் என்று உங்கள் ஆலோசகரிடம் அனுமதி கேளுங்கள்.

மற்ற இரண்டு சாப்டர்களோடும் பேசுங்கள். அமெரிக்காவில் பிறப்பு எண்ணிக்கை 2007-இல் உச்சம் தொட்டுக் குறையத் தொடங்கியது. அந்தக் குறைவு இப்போது கல்லூரி வாசலுக்கு வந்துவிட்டது. சிறிய கல்லூரிகளுக்கு இது கஷ்ட காலம். நீங்கள் மூடினால் அவர்களுக்கு லாபம் என்பது மேலோட்டமான கணக்கு. மூன்று இரண்டானால் வெளியே இருக்கும் பெண்களுக்கு அந்த உலகமே இன்னும் சின்னதாகத் தெரியும். ரெக்ரூட்மென்ட்டில் முழுக்கட்டமைப்பு, பகுதிக் கட்டமைப்பு, தொடர் சேர்க்கை என்று முறைகள் உண்டு. உங்கள் அளவு கேம்பஸுக்குத் தொடர் சேர்க்கைதான் பொருந்தும் என்பது என் கருத்து. மூன்று சாப்டர்களும் சேர்ந்த கவுன்சிலில் பேச்சைத் தொடங்கி, பான்ஹெலனிக் அமைப்பு உங்களுக்கு நியமித்திருக்கும் ஏரியா அட்வைஸரை அழைத்துக் கேளுங்கள்.

சாப்டரை மூட நேர்ந்தால்

சாப்டரை நடத்த அனுமதிக்கும் சாசனம் தலைமையகத்துடையது. அதைத் திரும்பப் பெற அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தக் கடிதத்தை மிரட்டலாகப் படிக்க வேண்டாம். உதவி கேட்க அதையே ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சியாளர் ஒருவரைச் சில வாரங்கள் அனுப்ப முடியுமா, எத்தனை பேர், எந்தத் தேதிக்குள் என்று இலக்கை எழுத்தில் தருவார்களா என்று கேளுங்கள். அருகிலிருக்கும் முன்னாள் உறுப்பினர்களிடமும் சொல்லுங்கள்.

கடன் பற்றி: சாப்டரின் பாக்கி சாதாரணமாகச் சாப்டருடையதுதான், பொறுப்பிலிருக்கும் மாணவியுடையது அல்ல. உங்கள் சொந்தப் பெயரில் நீங்கள் எதிலாவது கையெழுத்திட்டிருந்தால் நிலைமை மாறும். உங்கள் சந்தா ஒப்பந்தம், வீட்டு ஒப்பந்தம், ஹால் வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் எடுத்துப் படியுங்கள். இனிமேல் எந்த ஒப்பந்தத்திலும் தனியாகக் கையெழுத்திடாதீர்கள். சந்தேகம் இருந்தால் கல்லூரியில் மாணவர்களுக்கான சட்ட உதவி கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

செப்டம்பரிலிருந்து சி.ஓ.பி. செய்தும், ஜனவரி முடிந்தும், பட்டம் பெறுபவர்கள் போக மிஞ்சுபவர்கள் பத்துப் பேரைத் தாண்டவில்லை என்றால், தொடர்வதா வேண்டாமா என்று நீங்களே பேச வேண்டியிருக்கும். மூடினால் உறுப்பினர்கள் முன்னாள் உறுப்பினர்களாகும் வழி உண்டா, புதிதாகச் சேர்ந்தவர்களின் நிலை என்ன என்பதை முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பேச்சை மார்ச்சிலேயே நடத்துங்கள். பட்டம் பெறப்போகும் ஐந்து பேரும் அப்போது கேம்பஸில் இருப்பார்கள். முடிவில் அவர்கள் குரலும் இருக்கும், அதற்கான வேலையும் எட்டுப் பேர் தலையில் மட்டும் விழாது.